கருப்பை இடைச்சுவர்: வெட்டுவதற்கு முன்னும் பின்னும்

பிறவியிலேயே கருப்பைக்குள் ஓர் இடைச்சுவருடன் அமைந்த பெண்களைப் பற்றி மருத்துவ உலகில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. ஹோமர், லீ, குக் என்னும் மூவர், அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு அது. இடைச்சுவரை அறுத்து நீக்குவதற்கு முன் அப்பெண்களுக்கு ஏற்பட்ட கர்ப்பங்கள் 1,062. அவற்றுள் 933 சிதைந்து போயின. 95 குறைமாதப் பிரசவங்கள். நிறைமாதம் கண்டவை 34 மட்டுமே. அறுவைக்குப் பின் ஏற்பட்ட கர்ப்பங்கள் 491. அவற்றுள் சிதைந்தவை 67, குறைமாதம் 29, நிறைமாதம் 395. அதாவது, கருச்சிதைவு 88 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காட்டுக்கு இறங்கிற்று. நிறைமாதப் பிரசவம் 3 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு ஏறிற்று.

இந்த எண்களைப் படித்தவுடன் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? இதைவிடத் தெளிவான வெற்றி மருத்துவத்தில் வேறு இருக்க முடியாது என்றுதானே? மருத்துவர்கள் பலருக்கும் நெடுங்காலம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சற்றே நின்று அந்த எண்களை மீண்டும் பார்ப்போம். அவை பொய்யல்ல, கூட்டலிலும் பிழையில்லை. எனினும் அவை எதை மெய்ப்பிப்பதாக நாம் நினைக்கிறோமோ, அதை அவை மெய்ப்பிக்கவில்லை. எப்படி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடைச்சுவர் எங்கிருந்து வந்தது?

தாயின் வயிற்றில் வளரும் பெண் கருவின் உடலில், நடுக்கோட்டின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நுண்ணிய குழாய்கள் தோன்றுகின்றன. 1830-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய அறிஞர் யோஹான்னஸ் முல்லரின் பெயரால் இவை முல்லர் குழாய்கள் எனப்படுகின்றன. இவற்றின் மேற்பகுதிகள் தனித்தனியே நின்று கருக்குழல்களாகின்றன. கீழ்ப்பகுதிகள் ஒன்றையொன்று நெருங்கி, ஒட்டி, கருப்பையாகவும் யோனியின் மேற்பகுதியாகவும் ஆகின்றன. அடுத்தடுத்த இரண்டு வீடுகளை ஒரே வீடாக்க வேண்டுமானால் என்ன செய்கிறோம்? இரண்டையும் சேர்த்துக் கட்டியபின் நடுச்சுவரை இடிக்கிறோம் அல்லவா? இயற்கையும் அதையே செய்கிறது. குழாய்கள் ஒட்டியபின் நடுவில் நிற்கும் சுவர், கருவின் ஐந்தாம் மாத அளவில் கரைந்து, கருப்பை ஒரே அறையாகிறது.

இந்த வேலை எந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறதோ அதற்கேற்பக் குறைபாடும் மாறும். ஒரு குழாய் வளராமற்போனால் ஒற்றைக்கொம்புக் கருப்பை. இரண்டும் ஒட்டாமலே நின்றால் இரட்டைக் கருப்பை. கீழே ஒட்டி மேலே பிரிந்து நின்றால் இருகொம்புக் கருப்பை. முழுதும் ஒட்டியும் நடுச்சுவர் மட்டும் கரையாமல் நின்றால் அதுவே இடைச்சுவர்க் கருப்பை. விலங்குகளில் இவை குறைபாடுகளே அல்ல. பசுவுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் இருகொம்புக் கருப்பையே இயல்பு. முயலுக்கோ தனித்தனி வாயுடன் இரண்டு கருப்பைகள்.

இத்தகைய அமைப்புகள் நாம் நினைப்பதுபோல் அரியவை அல்ல. 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பொதுவாகப் பெண்களில் 5.5 விழுக்காட்டினரிடம் ஏதோவொரு கருப்பை அமைப்பு வேறுபாடு காணப்படுகிறது. கருச்சிதைவு கண்ட பெண்களிடம் இது 13.3 விழுக்காடு. மேலும், இடைச்சுவர் வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு முதல் மூன்று மாதங்களில் கரு சிதையும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என அதே ஆண்டில் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு கண்டது. ஆகவே இடைச்சுவரால் தீங்கே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுவரால் தீங்கு உண்டா என்பது ஒரு கேள்வி. சுவரை வெட்டினால் அத்தீங்கு நீங்குமா என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்கான விடையை இரண்டாவதன் விடையாகக் கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கத்தி சென்ற வழி

கருப்பையைத் திருத்தியமைக்கும் முயற்சி பழையது. 1907-இல் பால் ஸ்ட்ராஸ்மன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் பிரிந்து நின்ற இரு கொம்புகளையும் திறந்து ஒன்றாகத் தைக்கும் முறையை வெளியிட்டார். 1953-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் ஜோன்ஸ், ஜார்ஜியானா ஜோன்ஸ் தம்பதியர் இடைச்சுவரை ஆப்பு வடிவில் வெட்டியெடுக்கும் முறையை விவரித்தனர். 1962-இல் டாம்ப்கின்ஸ் வேறொரு முறையைத் தந்தார். இவையெல்லாம் வயிற்றையும் கருப்பையையும் கிழித்துச் செய்பவை. கருப்பைச் சுவரில் நீண்ட தழும்பு நிற்கும். பின்னர் பிரசவமும் பெரும்பாலும் அறுவை மூலமே. எனவே பல முறை கருவை இழந்த பெண்களுக்கே இம்முறைகள் பரிந்துரைக்கப்பட்டன.

1970-இல் சுவீடனைச் சேர்ந்த எட்ஸ்ட்ராம், ஃபெர்ன்ஸ்ட்ராம் இருவரும் கருப்பை வாய் வழியே உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி இடைச்சுவரை நீக்கியதை வெளியிட்டனர். 1980-களில் இம்முறை பரவிற்று. வயிற்றில் வெட்டு இல்லை, தையல் இல்லை. சில மணி நேரத்தில் வீடு திரும்பலாம். இது நோயாளிக்கு நன்மைதான். ஆனால் இதனால் இன்னொன்றும் நேர்ந்தது. அறுவை எளிதானவுடன், அதைச் செய்வதற்குத் தேவையான காரணமும் எளிதாயிற்று. ஒருமுறைகூடக் கருவை இழக்காத பெண்ணுக்கும், கருவே தரிக்காத பெண்ணுக்கும், ‘சுவர் இருக்கிறது, எடுத்துவிடலாம்’ என்று சொல்லும் நிலை வந்தது. அச்சொல்லுக்குப் பின்பலமாக நின்றது, முன்பு 88, பின்பு 14 என்னும் அந்தக் கணக்கே.

நாற்பது பெண்களும் வண்ண நீரும்

இப்போது நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காகிதமும் பென்சிலும் போதும்.

ஆயிரம் பெண்கள் இருப்பதாகக் கொள்வோம். எவருக்கும் எந்தக் குறைபாடும் இல்லை. ஒவ்வொரு கர்ப்பமும் ஐந்தில் ஒன்று என்னும் அளவில் சிதையலாம். இது எல்லாருக்கும் ஒன்றே. முதற் கர்ப்பத்தில் 200 பேர் கருவை இழப்பர். அந்த 200 பேரில் இரண்டாம் முறையும் இழப்பவர் 40 பேர். இந்த 40 பேரை மட்டும் மருத்துவமனைக்கு அழைத்து வருகிறோம். இவர்களின் பழைய கர்ப்பங்கள் 80, சிதைந்தவையும் 80. கருச்சிதைவு நூற்றுக்கு நூறு!

இவர்களுக்கு வண்ண நீரைக் கொடுத்து ‘இது நல்ல மருந்து’ என்கிறோம். அடுத்த கர்ப்பத்தில் என்ன நடக்கும்? ஐந்தில் ஒன்று, அதாவது 8 பேர் இழப்பர். 32 பேர் குழந்தை பெறுவர். முன்பு 100 விழுக்காடு, பின்பு 20 விழுக்காடு. வண்ண நீரின் வெற்றி, இடைச்சுவர் அறுவையின் வெற்றியைவிடச் சற்றும் குறைந்ததல்ல!

இதில் மாயம் எதுவும் இல்லை. இழந்தவர்கள் என்பதாலேயே அவர்களைத் தேர்ந்தெடுத்தோம். எனவே அவர்களின் கடந்த காலம் மோசமாகத்தான் இருக்கும். எதிர்காலமோ இயல்பு நிலையை நோக்கித் திரும்பும். புள்ளியியலில் இதனைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பர். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பெற்றோரைவிடச் சற்றுக் குறைந்த உயரத்துடன் இருப்பதை ஆராய்ந்து, பிரான்சிஸ் கால்ட்டன் 1886-இல் இதனை விளக்கினார்.

நம் கணக்கு வெறும் கற்பனை அன்று என்பதற்கு ஒரு சான்று. காரணம் கண்டறியப்படாத தொடர் கருச்சிதைவுக்கு உள்ளான பெண்களைப் பற்றி 1999-இல் இங்கிலாந்திலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மீண்டும் கருவுற்ற 222 பேரில் 167 பேரின் கர்ப்பம் 24 வாரங்களைத் தாண்டி நிலைத்தது. நான்கில் மூன்று பங்கு. இவர்களுக்குக் கிடைத்தது பரிவான கவனிப்பு ஒன்றே.

கணக்கின் வேறு சில ஓட்டைகள்

முன்–பின் கணக்கில் இன்னும் சில குறைகள் உள்ளன.

முதலாவது, எண்ணப்பட்டவை கர்ப்பங்கள்; பெண்கள் அல்லர். அறுவைக்குப் பின் கருவே தரிக்காத பெண் அந்தக் கணக்கில் இடம்பெறவே மாட்டாள். ஆனால் அவளும் குழந்தைக்காகத்தானே கத்திக்கு உடன்பட்டாள்?

இரண்டாவது, இடைச்சுவருடனேயே சிக்கலின்றிப் பிள்ளை பெற்றவர்கள் மருத்துவமனையை நாடுவதில்லை. தமக்குள் ஒரு சுவர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கணக்கில் வருபவர்கள் துன்பப்பட்டவர்களே. கரை சேர்ந்த படகுகளை விட்டுவிட்டுக் கவிழ்ந்த படகுகளை மட்டும் எண்ணி, ஆற்றின் ஆழத்தை அளப்பது போன்றது இது.

மூன்றாவது, பெயரிலேயே குழப்பம். பழைய நாட்களில் கருப்பைக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். அது உட்குழியை மட்டுமே காட்டும். இருகொம்புக் கருப்பையும் இடைச்சுவர்க் கருப்பையும் அதில் ஒன்றுபோலவே தெரியும். வெளிப்புற வடிவத்தையும் பார்த்தாலன்றி வேறுபாடு புலப்படாது. முப்பரிமாண ஸ்கேன் வந்தபின் இது எளிதாயிற்று. ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. எவ்வளவு நீளம் இருந்தால் அது ‘சுவர்’? 2013-இல் ஐரோப்பிய அமைப்புகள், உள்நோக்கிய மேடு கருப்பைச் சுவரின் தடிப்பில் பாதியைத் தாண்டினால் போதும் என்றன. 2016-இல் அமெரிக்கச் சங்கம் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும் என்றது. 2021-இல் அதையே ஒரு சென்டிமீட்டராகக் குறைத்தது. ஆக, அமெரிக்காவில் இயல்பானது என்று சொல்லப்பட்ட அதே கருப்பை, ஐரோப்பாவில் குறைபாடுடையது ஆகலாம். அளவுகோல் தளர்ந்தால் நோயாளிகளின் தொகை பெருகும். அவர்களுள் துன்பமே இல்லாதவர்களும் சேர்வர். அறுவையின் ‘வெற்றியும்’ தானே உயரும்.

நான்காவது, காரண விளக்கம். இடைச்சுவர் இரத்த ஓட்டம் குறைந்த நார்த்தசை. எனவே அதில் பதியும் கரு பட்டினி கிடந்து மடிகிறது என்று நூல்கள் எழுதின. கேட்பதற்குப் பொருத்தமாகவே உள்ளது. ஆனால் நீக்கிய சுவர்களின் திசுவை ஆராய்ந்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றில் நார்த்திசு குறைவாகவும், தசையும் இரத்தக் குழல்களும் மிகுதியாகவும் இருந்தன. பொருத்தமாகத் தோன்றும் விளக்கம், சோதித்துப் பார்த்த விளக்கம் ஆகிவிடாது.

நடுநிலை தவறாமலிருக்க, அறுவைக்குச் சார்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் அப்பெண்களுக்கு வயது கூடியிருக்கும். வயது கூடக் கருச்சிதைவும் கூடுவதே இயல்பு. இந்த ஒரு வகையில் முன்–பின் கணக்கு அறுவைக்குப் பாதகமானதே. ஆனால் மற்ற ஓட்டைகளை இது ஒன்றே அடைத்துவிடாது.

சீட்டுக் குலுக்கிப் பார்த்தபோது

இதற்கெல்லாம் தீர்வு என்ன? ஒரே வகையான பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு அறுவை. மற்றதற்குப் பொறுத்திருந்து பார்த்தல். சராசரியை நோக்கித் திரும்புவது இரு குழுக்களுக்கும் பொது. எஞ்சும் வேறுபாடே அறுவையின் உண்மையான பயன்.

இத்தகைய ஆய்வு ஒன்றேனும் உண்டா என்று காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2011-இல் தேடினர், ஒன்றும் கிடைக்கவில்லை. 2017-இல் மீண்டும் தேடினர், அப்போதும் இல்லை. உள்நோக்கிக் கருவி வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருந்தது!

2020-இல் நெதர்லாந்து, அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் பழைய பதிவேடுகளைக் கொண்டு ஓர் ஒப்பீடு வெளிவந்தது. அறுவை செய்துகொண்ட 151 பேரில் 53 விழுக்காட்டினரும், செய்துகொள்ளாத 106 பேரில் 71.7 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தை பெற்றிருந்தனர். உடனே ‘அறுவை தீமை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதிலும் சீட்டுக் குலுக்கவில்லை. நிலைமை மோசமாக இருந்தவர்களே அறுவைக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். நமக்குப் பிடித்த விடை கிடைத்தது என்பதற்காக விதியைத் தளர்த்தலாகாது.

2021-இல்தான் முதற் குலுக்கல் ஆய்வு வெளியாயிற்று. ‘ட்ரஸ்ட்’ எனப் பெயர் பெற்ற இந்த ஆய்வு நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா, ஈரான் ஆகிய நாடுகளில் 2010 முதல் 2018 வரை நடந்தது. எட்டு ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் 80 பேரே. உயிருள்ள குழந்தை பெற்றவர்கள் அறுவைக் குழுவில் 39 பேருக்கு 12 பேர். அதாவது 31 விழுக்காடு. பொறுத்திருந்த குழுவில் 40 பேருக்கு 14 பேர். அதாவது 35 விழுக்காடு. அறுவையின்போது ஒரு பெண்ணுக்குக் கருப்பை துளைபட்டது.

முன்–பின் கணக்கில் 3-க்கும் 80-க்கும் இடையே மலையளவு நின்ற வேறுபாடு, குலுக்கல் ஆய்வில் காணாமற்போயிற்று.

மறுபக்க வாதம்

அறுவை வல்லுநர்கள் பலர் இந்த ஆய்வை ஏற்கவில்லை. அவர்களுடைய மறுப்பில் நியாயம் உண்டு. 80 பேர் மிகச் சிறிய தொகை. கருவே தரிக்காதவர், கருவை இழந்தவர், குறைமாதத்தில் பெற்றவர் எனப் பலவகையினர் இதில் கலந்திருந்தனர். அறுவை 35 விழுக்காட்டை 70 விழுக்காடாக, அதாவது இரண்டு மடங்காக உயர்த்தினால் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கே ஆய்வு திட்டமிடப்பட்டது. அதைவிடச் சிறிய நன்மை இருந்தால் அது இந்த வலையில் சிக்காது. ஆய்வாளர்கள் தந்த நம்பக இடைவெளியும் இதையே சொல்கிறது: அறுவைக் குழுவின் வெற்றி, மற்றதைப்போல் 0.47 மடங்கு முதல் 1.65 மடங்கு வரை எதுவாகவும் இருக்கலாம். பாதியாகக் குறைக்கலாம், ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டவும் செய்யலாம்.

ஆகவே, ‘அறுவையால் பயனில்லை என மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது’ என்று எழுதுவோரும் தவறுகின்றனர். மெய்ப்பிக்கப்பட்டது இவ்வளவே: பெருவெற்றி என்று சொல்லப்பட்டதற்கு, நேர்மையான சோதனையில் ஆதாரம் தென்படவில்லை. சிறு நன்மை உண்டா, குறிப்பாகப் பலமுறை கருவை இழந்த பெண்களுக்கு உண்டா என்பது திறந்தே கிடக்கிறது. எனினும் ஒரு கேள்வியை அறுவை வல்லுநர்களிடம் நாம் கேட்கலாம். 80 பேரைக் கொண்ட குலுக்கல் ஆய்வு சிறியது என்றால், குலுக்கலே இல்லாத தொகுப்பைப் பல்லாண்டுகள் எப்படிப் போதுமென்று கொண்டோம்?

ஷிரோத்கர் தையல் தரும் பாடம்

குழந்தைக்காக ஏங்கும் பெண்களிடம் சீட்டுக் குலுக்குவது நடக்கிற காரியமா என்று நீங்கள் ஐயுறலாம். நடந்திருக்கிறது. அதுவும் நம் நாட்டவர் ஒருவரின் அறுவை முறையைப் பற்றியே.

கருப்பை வாய் தளர்ந்து முன்கூட்டியே திறப்பதால் குழந்தையை இழக்கும் பெண்களுக்காக, 1955-இல் பம்பாய் மருத்துவர் ஷிரோத்கர் கருப்பை வாயைச் சுற்றித் தையலிடும் முறையை வெளியிட்டார். அதுவும் முன்–பின் கணக்கின் பலத்தில் உலகெங்கும் பரவிற்று. பின்னர்ப் பல நாடுகளில் 1,292 பெண்களைக் கொண்டு குலுக்கல் ஆய்வு நடந்து, 1993-இல் முடிவு வெளியாயிற்று. தையல் தேவையா என்று மருத்துவருக்கே ஐயம் இருந்த பெண்களே அதில் சேர்க்கப்பட்டனர். 33 வாரங்களுக்கு முன் பிரசவித்தவர்கள், தையலிட்டவர்களில் 13 விழுக்காடு. இடாதவர்களில் 17 விழுக்காடு. அதாவது 25 பேருக்குத் தையலிட்டால் ஒருவருக்கு முன்கூட்டிய பிரசவம் தவிர்க்கப்படும்.

இது பெருவெற்றி அன்று, தோல்வியும் அன்று. ஆனால் நம்பத்தக்க உண்மை. பன்முறை இழந்த பெண்ணுக்கு இது பயன்படும், மற்றவளுக்குத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க அது வழிசெய்தது. ஷிரோத்கரின் பெருமையும் அதனால் குறைந்துவிடவில்லை. இடைச்சுவர் அறுவைக்கு இன்று வேண்டியதும் இத்தகைய பேராய்வே. இருகொம்புக் கருப்பையைப் பொறுத்தவரை நிலைமை சற்றுத் தெளிவு: தொடர் கருச்சிதைவுக்காக அதை அறுத்து இணைப்பதை ஐரோப்பிய வழிகாட்டுநெறி 2017-இலேயே பரிந்துரைக்க மறுத்துவிட்டது.

வாசகர் நினைவிற்கொள்ள

குழந்தை இல்லை என்றால் பழி பெண்ணின்மேல் விழும் சமுதாயம் நம்முடையது. ஸ்கேன் படத்தில் ஒரு சுவர் தெரிந்துவிட்டால், ‘குறை இன்னதென்று கண்டுபிடித்தாயிற்று’ என்று வீடே நிம்மதி அடையும். அவள் மட்டும் அறுவை மேடையை நோக்கி நடப்பாள். அந்த நிலையில் உங்கள் தமக்கையோ தங்கையோ நின்றால் மருத்துவரிடம் சில கேள்விகளைப் பணிவுடன் கேட்கலாம். இது இடைச்சுவர்தானா, இருகொம்பா? முப்பரிமாண ஸ்கேனில் வெளிவடிவத்தையும் பார்த்தீர்களா? எந்த அளவுகோலின்படி இதைச் சுவர் என்கிறீர்கள்? அறுவை செய்யாமல் இருந்தால் அடுத்த கர்ப்பம் நிலைக்க எவ்வளவு வாய்ப்பு? நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் சினம் கொள்ளமாட்டார். பலமுறை இழந்த ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டறிந்தபின் அறுவையே வேண்டும் எனத் தேர்ந்தால், அதுவும் மதிக்கத்தக்க முடிவே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நாளிதழ் விளம்பரத்திலோ, பாடநூலிலோ, பெரிய ஆய்வேட்டிலோ ‘முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு’ என்று இரண்டு எண்களைக் கண்டால், மூன்றாவது எண் எங்கே என்று தேடுங்கள். ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவு என்பதே அந்த எண். அது இல்லாதவரை மற்ற இரண்டும், எவ்வளவு பெரியவையாயினும், பாதிக் கணக்கே.